அப்பாவை மீட்கப் போகாத பேரரசன்

எங்கள் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவ்வப்போது ஒரு பட்டியல் சுற்றிவரும். 'உலகத்தின் படுமோசமான ஆட்சியாளர்கள்' என்கிற மாதிரி. நீரோ அதில் கட்டாயம் இருப்பான், ரோம் எரிந்தபோது பிடில் வாசித்துக்கொண்டு. அந்தக் காலத்தில் பிடில் ஏது என்று யாராவது கேட்பார்கள். அதற்கு யாரும் பதில் போடமாட்டார்கள். சமீபத்தில் வந்த பட்டியலில் நான் எதிர்பார்க்காத ஒரு பெயர் இருந்தது: கல்லியேனஸ். கி.பி. 253 முதல் 268 வரை ரோமை ஆண்டவன். ராஜ்ஜியம் துண்டு துண்டாகிக்கொண்டிருந்தபோது இவன் ரோஜா இதழ்களால் படுக்கையறை அமைத்துக்கொண்டிருந்தானாம். எகிப்து கைவிட்டுப் போய்விட்டது என்று சேதி வந்தபோது, 'அதனாலென்ன, எகிப்தின் லினன் துணி இல்லாமல் நம்மால் இருக்க முடியாதா?' என்று கேட்டானாம். பெற்ற தகப்பன் பாரசீகரிடம் சிறைப்பட்ட சேதிக்கு அவன் சொன்ன பதில், 'என் தந்தை சாகப் பிறந்தவர்தான் என்பது எனக்கு முன்பே தெரியும்.' இதற்குக் கீழே ஒரு நண்பன், 'இவனெல்லாம் ஒரு பிள்ளையா?' என்று போட்டிருந்தான். உடனே கட்டைவிரல்களும் கோபமுகங்களும் வரிசைகட்டின.

மூன்றாம் நூற்றாண்டு ரோம் எனக்குப் பல வருடப் பித்து. அகஸ்டஸ், சீசர் காலத்தைப் பற்றிப் பேச ஊரில் ஆள் இருக்கிறது. 235 முதல் 284 வரையிலான அந்த ஐம்பது வருடக் குளறுபடியைப் பற்றிப் பேச யாரும் கிடைப்பதில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள். அநேகமாக எல்லோரும் சொந்தப் படையின் கையாலேயே செத்தவர்கள். அந்தக் கூட்டத்தில் 15 ஆண்டுகள் தாக்குப்பிடித்தவன் கல்லியேனஸ் ஒருவன்தான். தோட்டக்காரனும் சோம்பேறியுமான ஒருவனால் அது எப்படி முடிந்தது என்பது எனக்கு ரொம்ப நாளாக இருந்துவரும் சந்தேகம். அதனால் லினன் துணி, ரோஜாப்பூ எல்லாம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. அந்த 'பிள்ளையா?' என்ற கேள்விதான் போகமாட்டேன் என்றது. பதில் எழுதலாம் என்று ஆரம்பித்து, குழுவில் போட முடியாத நீளத்துக்குப் போய்விட்டதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கதைகளைச் சொன்னது யார் என்று பார்த்துவிடலாம். அநேகமாக எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: 'ஹிஸ்டோரியா அகஸ்டா' என்ற லத்தீன் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு. ஆறு ஆசிரியர்கள் சேர்ந்து எழுதியதாக அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 1889-இல் ஹெர்மன் டெசாவ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதைப் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆறு பேர் என்பதே கட்டுக்கதை, ஒரே ஆள் நான்காம் நூற்றாண்டின் கடைசியில் உட்கார்ந்து எழுதியது என்றார். இன்று பெரும்பாலானவர்கள் அதை ஏற்கிறார்கள். அதாவது கல்லியேனஸ் செத்து நூறு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு எழுதப்பட்டது. எழுதியவருக்குக் கற்பனைக் கடிதங்கள், இல்லாத ஆவணங்கள் எல்லாம் கைவந்த கலை. கல்லியேனஸின் காலத்தில் 'முப்பது கொடுங்கோலர்கள்' முளைத்தார்கள் என்று ஒரு தனி அத்தியாயமே உண்டு. பழைய ஏதென்ஸில் முப்பது கொடுங்கோலர் என்று ஒரு கணக்கு இருந்ததால் இங்கேயும் முப்பது வேண்டியிருந்தது. எண்ணிக்கை நிரம்புவதற்காக வேறு காலத்து ஆட்களையும், இருந்தார்களா என்றே தெரியாதவர்களையும் இழுத்துவந்து உட்காரவைத்திருக்கிறார். இவன் ஆட்சியில் பெண்கள்கூட இவனைவிட நன்றாக ஆண்டார்கள் என்று குத்துவதற்காக இரண்டு பெண்களையும் சேர்த்தார்.

அந்த 'சாகப் பிறந்தவர்' வசனத்தின் கதை இன்னும் சுவாரசியமானது. மகன் இறந்த செய்தி கேட்டதும் 'நான் பெற்றது சாகக்கூடிய ஒருவனைத்தான் என்று எனக்குத் தெரியும்' என்று சொன்ன ஞானியின் கதை கிரேக்கர்களிடம் வெகு காலமாகப் புழங்கியது. அனக்சகோரஸ் சொன்னார் என்பார்கள், செனஃபன் சொன்னார் என்றும் சொல்வார்கள். ஹிஸ்டோரியா அகஸ்டாவின் ஆசிரியர் அந்தக் கதையைத் தானே குறிப்பிட்டுவிட்டு, அதையே திருப்பிப் போட்டு கல்லியேனஸின் வாயில் வைக்கிறார். தகப்பன் மகனைப் பற்றிச் சொன்னால் ஞானம், மகன் தகப்பனைப் பற்றிச் சொன்னால் கல்நெஞ்சம். எழுத்தாளனாகப் பார்த்தால் நல்ல வேலைதான். சரித்திரச் சாட்சியாகப் பார்த்தால் பத்துப் பைசா பெறாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் எட்வர்ட் கிப்பன் இதையெல்லாம் எடுத்துக்கொண்டு, நல்ல பேச்சாளன், நேர்த்தியான கவிஞன், தேர்ந்த தோட்டக்காரன், அருமையான சமையல்காரன், அரசனாக மட்டும் படு கேவலம் என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அவ்வளவு அழகான வாக்கியம் ஒன்று உங்கள் மேல் எழுதப்பட்டுவிட்டால் அப்புறம் எழுந்திருப்பது கஷ்டம். வாட்ஸ்அப் வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள்.

260

சரி, கதைகளை ஒதுக்கிவிடலாம். ஆனால் அடிப்படை உண்மை அப்படியே இருக்கிறது. தகப்பன் சிறைப்பட்டார். மகன் மீட்கப் போகவில்லை. இதை யாரும் மறுக்க முடியாது. அதனால் அந்த ஒரு வருடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

253-இல் தகப்பன் வலேரியன் பேரரசரானதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, முப்பதுகளின் நடுவில் இருந்த மகனைத் தனக்குச் சமமான பேரரசனாக்கியது. இரண்டு பக்கமும் தீப்பற்றிய ராஜ்ஜியம். கிழக்கே பாரசீகத்தின் சசானியப் பேரரசன் முதலாம் ஷாபூர், ரோமின் கிழக்குத் தலைநகரம் போன்ற அந்தியோக்கியாவையே சூறையாடியிருந்தான். வடக்கே ரைன், டான்யூப் ஆறுகளைத் தாண்டி ஜெர்மானியக் கூட்டங்கள் வந்துகொண்டிருந்தன. கிழக்கை அப்பா எடுத்துக்கொண்டார், மேற்கை மகன் எடுத்துக்கொண்டான். போதாக்குறைக்கு 249 வாக்கில் ஆரம்பித்த ஒரு கொள்ளைநோய் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்தது. அலெக்சாந்திரியாவின் ஆயர் டயோனீசியஸ் எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. முன்பு அந்த நகரத்தில் நாற்பது முதல் எழுபது வயது வரை உள்ளவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, இப்போது பதினான்கிலிருந்து எண்பது வயது வரை எல்லோரையும் சேர்த்தாலும் அத்தனை பேர் தேறவில்லை என்கிறார். இலவசத் தானியம் வாங்குவோர் பட்டியலை வைத்து அவர் போட்ட கணக்கு அது. வலேரியனின் படையும் இந்த நோயில் அடிபட்டுத்தான் எடெஸா நகருக்கு அருகே ஷாபூரின் முன்னால் போய் நின்றது.

260-இல் வலேரியன் உயிரோடு பிடிபட்டார். அதற்கு முன்னால் ரோமின் பேரரசர்கள் கொலையாகியிருக்கிறார்கள், போர்க்களத்தில் செத்திருக்கிறார்கள். எதிரியிடம் உயிரோடு அகப்பட்டவர் இவர்தான் முதல் ஆள். பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் பிடிக்கப்பட்டார் என்கிறது ஒரு கிரேக்க வரலாறு. ஷாபூர் அப்படிச் சொல்லவில்லை. ஈரானில் நக்ஷ்-இ ரோஸ்தமில் அவன் மூன்று மொழிகளில் வெட்டிவைத்த நீண்ட கல்வெட்டில், 70,000 பேர் கொண்ட படையோடு வந்த சீசர் வலேரியனை என் கையாலேயே பிடித்தேன், கூடவே தளபதிகளையும் செனட்டர்களையும் பிடித்து பாரசீகத்துக்குக் கொண்டுபோனேன் என்கிறான். பக்கத்திலேயே பாறையில் சிற்பமும் உண்டு. குதிரை மேல் ஷாபூர். ஒரு ரோமானியன் மண்டியிட்டிருக்கிறான். இன்னொருவர் நிற்கிறார், அவர் மணிக்கட்டை ஷாபூர் பற்றியிருக்கிறான். அந்த நிற்பவர்தான் வலேரியன் என்பது பொதுவான கருத்து. கைதிகள் ஷுஷ்தர் ஊரில் கட்டியதாகச் சொல்லப்படும் அணைப்பாலத்துக்கு இன்றும் 'சீசரின் அணை' என்றுதான் பெயர். ஷாபூர் குதிரையேறும்போதெல்லாம் வலேரியனின் முதுகைப் படியாக வைத்து ஏறினான், செத்த பிறகு தோலை உரித்துச் சாயம் தோய்த்துக் கோயிலில் தொங்கவிட்டான் என்பது லாக்டான்டியஸ் சொல்வது. அவர் கிறிஸ்தவர், கிறிஸ்தவர்களைக் கொன்ற பேரரசர்கள் எப்படிச் செத்தார்கள் என்று ரசித்து எழுதியவர். அதனால் அதையும் ஒரு சிட்டிகை குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மகன் பக்கம் வருவோம். ஐரோப்பாவின் வரைபடம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்தால்தான் இது புரியும். அந்த வருடங்களில் ஜெர்மானியர்கள் எல்லையில் நின்று சண்டை போடவில்லை, இத்தாலிக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ரோம் நகரத்துக்கு அப்போது உருப்படியான மதில் கிடையாது. நாம் இன்று பார்க்கும் மதில் பின்னால் வந்த பேரரசன் ஆரேலியன் 271-இல் ஆரம்பித்தது. அலமானியர் என்ற ஜெர்மானியக் கூட்டத்தை மிலான் அருகே கல்லியேனஸ் முறியடித்தான். அந்தச் சமயத்து நிலவரத்துக்கு ஒரு கல் சாட்சி இருக்கிறது. 1992-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு பலிபீடம் கிடைத்தது. ஏப்ரல் 24, 25 தேதிகளில் யூதுங்கி என்ற கூட்டத்தை அடித்து நொறுக்கி, 'பல்லாயிரம் இத்தாலியக் கைதிகளை' விடுவித்ததாக அதில் வெட்டியிருக்கிறது. 260-ஐச் சேர்ந்தது என்பது பரவலான முடிவு. பல்லாயிரம் இத்தாலியர்கள்! கிரேக்கத்திலோ சிரியாவிலோ அல்ல, இத்தாலியில் வீடு புகுந்து மனிதர்களை மந்தையாக ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வலேரியன் மணிக்கட்டு பிடிபட்ட அதே காலகட்டத்தில்.

அப்பா பிடிபட்டார் என்ற சேதி பரவியதும் ஆங்காங்கே தளபதிகள் தங்களைப் பேரரசர்களாக அறிவித்துக்கொண்டார்கள். பால்கன் பகுதியில் இங்கெனுவஸ், அவனை அடக்கியதும் ரெகாலியானஸ். கிழக்கில் வலேரியனுக்குக் கருவூலமும் தளவாடமும் பார்த்துக்கொண்டிருந்த மக்ரியானஸ், மிச்சமிருந்த படையைச் சேர்த்துத் தன் இரண்டு பையன்களைப் பேரரசர்களாக்கினான். இது எல்லாரும் சட்டென்று தாண்டிப்போகும் விஷயம். ஷாபூரை எதிர்க்க வேண்டிய ரோமானியப் படையே இப்போது கல்லியேனஸுக்கு எதிரி. எடெஸாவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் தன் அப்பாவின் படையோடு சண்டை போட்டு ஜெயிக்க வேண்டும்.

அப்புறம் ரைன் கரை நகரமான கொலோன். அங்கே அவனுடைய இளைய மகன் சலோனினஸ், பட்டத்து இளவரசனாக, சில்வானஸ் என்ற பாதுகாவலனின் பொறுப்பில் இருந்தான். மூத்த மகன் இரண்டு வருடத்துக்கு முன்புதான் இறந்திருந்தான். ரைன் படைத்தளபதி போஸ்டுமஸ் ஒரு ஜெர்மானியக் கூட்டத்தை மடக்கிக் கொள்ளைப்பொருளைப் பிடுங்கிச் சிப்பாய்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான். அதைத் திருப்பிக் கொடு என்று சில்வானஸ் கேட்டான். சட்டப்படி சரிதான், ஆனால் கையில் வந்த காசைச் சிப்பாயிடமிருந்து திரும்பக் கேட்பவனுக்கு எந்தக் காலத்திலும் நல்ல கதி கிடையாது. படை கொலோனை முற்றுகையிட்டது. உள்ளே இருந்தவர்கள் பையனைப் பேரரசனாக அறிவித்து அவன் பெயரில் காசுகூட அடித்தார்கள். கடைசியில் நகரத்தார் இருவரையும் பிடித்துக் கொடுத்தார்கள், இருவரும் கொல்லப்பட்டார்கள். இன்றைய பிரான்ஸ் பக்கமான கால் நாடு, பிரிட்டன், ஸ்பெயின் எல்லாம் போஸ்டுமஸ் கைக்குப் போயின. ஆக்ஸ்பர்க் பலிபீடத்தில் ஆண்டைக் குறிக்கும் கான்சல் (வருடாவருடம் மாறும் உயர்பதவி) பெயர்கூட போஸ்டுமஸுடையதுதான். இத்தாலியர்களை மீட்ட ஆளும் சில மாதத்தில் எதிர்முகாமுக்குப் போய்விட்டான்.

கிழக்கே தகப்பன், மேற்கே மகனைக் கொன்றவன். நடுவில் மிலானில் ஒரு குதிரைப்படையோடு கல்லியேனஸ். எந்தப் பக்கம் கிளம்பினாலும் இத்தாலியும் டான்யூபும் திறந்த வீடு. அந்தப் படையை இரண்டாகப் பிரித்தால் இரண்டும் போதாது. அவன் எந்தப் பக்கமும் கிளம்பவில்லை, அப்போதைக்கு. நடுவைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வருடம் கிழக்கிலிருந்து கிளம்பி வந்த மக்ரியானஸ் கூட்டத்தை கல்லியேனஸின் குதிரைப்படைத் தலைவன் ஆரியோலஸ் பால்கனில் எதிர்கொண்டு முறியடித்தான். கிழக்கை, சிரியப் பாலைவன நகரமான பல்மைராவின் பிரபு ஒடெநாதஸிடம் கல்லியேனஸ் ஒப்படைத்தான். அந்த மனுஷன் ஷாபூரைத் துரத்திக்கொண்டு பாரசீகத் தலைநகரம் டெசிஃபோன் வரைக்கும் போய்வந்தார். போஸ்டுமஸைக் கொஞ்ச நாள் விட்டுவைத்தான். பிறகு ஒரு தடவை படையெடுத்துப் போய் முற்றுகையில் அம்புக்காயத்தோடு திரும்பினான். நாம் இருவரும் ஒற்றைக்கு ஒற்றை மோதித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொல்லி அனுப்பியதாகவும், நான் ஒன்றும் கிளாடியேட்டர் இல்லை என்று போஸ்டுமஸ் பதில் அனுப்பியதாகவும் ஒரு துணுக்கு உண்டு. மகனை இழந்தவன் கேட்டிருக்கக்கூடியதுதான் என்று தோன்றுவதால் எனக்கு அந்தத் துணுக்கின் மேல் ஒரு பிரியம்.

மீட்கப் போகாததை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. போயிருந்தால் 260-லேயே ரோம் முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். படையைத் திரட்டிக்கொண்டு அப்பாவுக்காகக் கிழக்கே ஓடிய வீர மகனைப் பற்றி யாராவது நல்ல காவியம் எழுதியிருப்பார்கள். வாசிக்க லத்தீன் தெரிந்தவர்கள்தான் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

எனக்குத் தீராத இடம்

தீராமல் இருப்பது வேறு. போகாதது சரி, அதற்குப் பிறகான அமைதிதான். வலேரியன் பெயரில் காசு அடிப்பது நின்றது. அவருக்காகப் பணயத்தொகை பேசியதாக எந்தச் சுவடும் இல்லை. இறந்த பேரரசர்களைத் தெய்வமாக்குவது ரோமானியர்களின் சர்வசாதாரண வழக்கம். வலேரியனுக்கு அது நடக்கவில்லை. அது மட்டுமல்ல. வலேரியன் 257, 258 ஆண்டுகளில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக இரண்டு ஆணைகள் போட்டிருந்தார். கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் தலை வெட்டப்பட்டது அதில்தான். ரோமின் போப் இரண்டாம் சிக்ஸ்டஸ் கொல்லப்பட்டதும் அதில்தான். தகப்பன் பிடிபட்டதும் மகன் அந்த ஆணைகளை நிறுத்தினான். வழிபாட்டிடங்களைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அலெக்சாந்திரியாவின் டயோனீசியஸுக்கும் மற்ற ஆயர்களுக்கும் அவன் எழுதிய கடிதத்தை யூசிபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் எடுத்து எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு நாற்பது வருடம், 303 வரை, கிறிஸ்தவர்கள் மேல் பேரரசு கைவைக்கவில்லை. டயோனீசியஸ் அவனை மேகம் விலகி வெளிவந்த சூரியனோடு ஒப்பிட்டு உருகுகிறார். ஒளிந்து திரிந்து, நாடுகடத்தலெல்லாம் அனுபவித்துத் திரும்பிய கிழவர் அவர். அந்த வார்த்தையை நான் ஹிஸ்டோரியா அகஸ்டாவின் நூறு ரோஜா இதழ்களுக்கு மேலாக நம்புவேன்.

ஆனால் பாருங்கள், அப்பா போட்ட உத்தரவை அப்பா உயிரோடு எங்கோ சிறையில் கிடக்கும்போதே மாற்றுகிறான். நியாயமான காரியம், உலகத்துக்கு நல்லது செய்த காரியம். இருந்தாலும் ஒரு வீட்டில் அது நடந்திருந்தால் நாம் என்ன நினைப்போம்? தகப்பனும் மகனும் ஏழு வருடம் ராஜ்ஜியத்தின் இரண்டு கோடியில் இருந்தார்கள். இடையில் மனக்கசப்பு இருந்திருக்கலாம். அல்லது பிடிபட்ட பேரரசரின் பெயரை எவ்வளவுக்கு எவ்வளவு உச்சரிக்காமல் இருக்கிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு ஷாபூரின் கையில் இருக்கும் துருப்புச் சீட்டு செல்லாததாகும் என்ற கணக்காகவும் இருக்கலாம். விலை கேட்காதவனிடம் பொருளை விற்க முடியாது. நான் இரண்டாவதை நம்ப விரும்புகிறேன். அப்படியே இருந்தாலும் ஷாபூரின் குதிரைக்குப் பக்கத்தில் நின்ற கிழவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்ற இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறேன். நண்பனின் 'பிள்ளையா?' என்ற கேள்வி அங்கேதான் எனக்கும் இருக்கிறது.

ரோமில் எஸ்குலின் குன்றில், சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்துக்குப் பக்கத்து வீதியில் ஒரு பழைய வளைவு நிற்கிறது. அதில், வெல்ல முடியாத வீரமுடையவன், அந்த வீரத்தை வென்றது அவனுடைய கடமைப்பற்று மட்டுமே என்று கல்லியேனஸைப் புகழ்ந்து ஒரு அதிகாரி வெட்டிவைத்திருக்கிறார். தெய்வத்துக்கும் நாட்டுக்கும் பெற்றவர்களுக்கும் செய்ய வேண்டிய கடமை எல்லாம் அதில் அடக்கம். தகப்பன் அந்நியச் சிறையில் இருந்த ஒருவனைப் பற்றி இதைக் கல்லில் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும், அல்லது எவ்வளவு விசுவாசம். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

சமையல்காரன் வேறு என்னென்ன செய்தான்

அவனை முழுக்கப் புனிதனாக்கும் எண்ணமும் எனக்கில்லை. காசு விஷயத்தில் அவன் ஆட்சி ஒரு பேரழிவு. அன்டோனினியானஸ் என்ற வெள்ளிக்காசு 215-இல் வெளிவந்தபோது அதில் ஏறக்குறைய பாதி வெள்ளி. கல்லியேனஸ் சாகும்போது ஐந்து சதவீதத்துக்கும் கீழே. மேலே மெல்லிய வெள்ளிப்பூச்சு, உள்ளே செம்பு. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் ஊரில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) ஒன்று 260 நவம்பரில் எழுதப்பட்டது. அப்போது எகிப்து மக்ரியானஸின் பையன்களை ஏற்றிருந்தது. பேரரசர்களின் தெய்வீகக் காசை வாங்க மாட்டோம் என்று காசுமாற்றுக்காரர்கள் கடையை மூடிவிட்டார்களாம். எல்லாரும் கடையைத் திறக்க வேண்டும், கள்ளக்காசு தவிர மற்ற எல்லாக் காசையும் வாங்கியே ஆக வேண்டும், மீறினால் தண்டனை என்று மாவட்ட அதிகாரி உத்தரவு போடுகிறார். தெய்வீகக் காசு! சிப்பாய்க்குச் சம்பளம் போட வேண்டும், சுரங்கங்களும் வரிநாடுகளும் பாதி கையில் இல்லை, என்ன செய்வான் என்று கேட்கலாம். ஆனால் அதற்கான விலையைக் கடைவீதியில் கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

அவனுடைய ஆட்சியின் கடைசி வருடக் காசுகளில் மிருகங்கள் வரிசையாக வரும். டயானாவின் மான், நெப்டியூனின் கடற்குதிரை, சூரியனின் பெகாசஸ், மதுத்தெய்வம் லிபெரின் சிறுத்தை. தெய்வங்களே காப்பாற்றுங்கள் என்று ஒவ்வொருவர் வாகனத்தையும் அச்சடித்திருக்கிறான். மட்டமான உலோகத்தில், அவசரமாக அடித்த, பாதி எழுத்து விளிம்புக்கு வெளியே போன காசுகள். ரோமானியக் காசு சேர்ப்பவர்கள் ஆரம்பத்தில் வாங்கும் மலிவுச் சரக்கு இதுதான். அவ்வளவு அடித்துத் தள்ளியிருக்கிறான்.

மறுபக்கம், வெரோனாவுக்குப் போனவர்கள் போர்ட்டா போர்சாரி என்ற வாயிலைப் பார்த்திருப்பார்கள். அதன்மேல் கல்லியேனஸ் காலத்து எழுத்து இருக்கிறது. 265-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-இல் தொடங்கி டிசம்பர் 4-க்குள் வெரோனாவின் மதில் கட்டி முடிக்கப்பட்டது என்கிறது. எட்டு மாதம். நம் ஊரில் ஒரு மேம்பாலத்துக்குத் தூண் நட அதைவிட அதிகம் ஆகும். ஆல்ப்ஸைத் தாண்டி வருபவர்களுக்கு வெரோனாதான் வாசல் என்று தெரிந்து போட்ட மதில். ரோஜாப்பூ மெத்தையில் படுத்திருப்பவன் செய்யும் வேலையா அது?

தத்துவஞானி புளோட்டினஸ் அவனுக்கும் அவன் மனைவி சலோனினாவுக்கும் வேண்டியவர். கம்பானியாவில் பாழடைந்து கிடந்த ஒரு ஊரைப் புதுப்பித்து, பிளேட்டோவின் சட்டப்படி வாழும் நகரமாக்கித் தாருங்கள் என்று கேட்டார். பேரரசனுக்குச் சம்மதம்தான், அரண்மனையில் இருந்தவர்கள் பொறாமையில் கெடுத்துவிட்டார்கள் என்கிறார் சீடர் போர்ஃபிரி. யாரோ புண்ணியம் கட்டிக்கொண்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். தத்துவவாதிகள் மட்டும் வாழும் ஊரில் சாக்கடையை யார் பார்த்துக்கொள்வது?

அவதூறு எழுதிய ஹிஸ்டோரியா அகஸ்டா ஆசிரியரே கவனக்குறைவாகச் சில நல்ல கதைகளையும் விட்டுவைத்திருக்கிறார். மகாராணிக்குக் கண்ணாடிக் கற்களை ரத்தினம் என்று விற்ற வியாபாரி ஒருவனைச் சிங்கத்துக்குப் போடச் சொன்னானாம் கல்லியேனஸ். அவன் அரங்கில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான், கூண்டு திறக்கிறது, வெளியே வருவது ஒரு சேவல். ஏமாற்றினான், ஏமாந்தான், தண்டனை முடிந்தது என்று அறிவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னொரு முறை, பத்துத் தடவை எறிந்தும் எருதைக் கொல்லத் தெரியாத வேட்டைக்காரனுக்கு மாலை போட்டானாம். ஏன் என்று கூட்டம் முணுமுணுத்ததற்கு, ஒரு எருதை இத்தனை முறை தவறவிடுவது லேசுப்பட்ட காரியமா என்றான். நிஜமோ பொய்யோ, ஷாபூரிடம் தகப்பனையும் போஸ்டுமஸிடம் மகனையும் பறிகொடுத்தவனைப் பற்றி மக்கள் இப்படி ஒரு கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செனட்டர்களின் கணக்கு

அவன்மேல் இவ்வளவு வன்மம் ஏன் என்றால், அதற்கான காரணத்தை ஆரேலியஸ் விக்டர் என்ற நான்காம் நூற்றாண்டு எழுத்தாளர் போட்டு உடைத்துவிடுகிறார். செனட்டர்கள் படைப்பொறுப்பு வகிக்கக் கூடாது என்று கல்லியேனஸ் தடுத்தான். நூற்றாண்டுகளாகப் பெரிய குடும்பத்துப் பையன் இருபதுகளில் ஒரு லீஜியனில் (படைப்பிரிவில்) அதிகாரியாக இருந்துவிட்டு, பிறகு ஒரு மாகாணத்தையும் அதன் படையையும் ஆண்டுவிட்டு வீடு திரும்புவது வழக்கமாக இருந்தது. இவன் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர்களிடம் படைகளைக் கொடுத்தான். திறமைசாலிகள் மேல் உள்ள பயத்தில் செய்தான் என்கிறார் விக்டர். இருக்கட்டும். லத்தீனில் வரலாறு எழுதியவர்களும் அதை வாசித்தவர்களும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களின் பக்கத்து ஆட்கள். கிரேக்கத்தில் எழுதிய ஜோசிமஸும் ஜொனாரஸும் அவன்மேல் இவ்வளவு விஷம் கக்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கதவைத் திறந்துவிட்டது யாருக்கு? கிளாடியஸ், ஆரேலியன், அவர்களுக்குப் பின்னால் பிராபஸ், டயோகிளீஷியன் என்று வரிசையாக, பின்னாளில் பேரரசர்களான டான்யூப் கரைப் படைவீரர்களுக்கு. பாடப்புத்தகங்கள் 'ரோமைக் காப்பாற்றியவர்கள்' என்று கொண்டாடுகிற அதே ஆட்கள். ஆரேலியன் ஐந்தே வருடத்தில், பிரிந்துபோயிருந்த பல்மைராவையும் கால் நாட்டையும் மீட்டு 'உலகத்தை மீட்டவன்' என்று பட்டம் வாங்கினான். அதை அவன் செய்தது கல்லியேனஸ் உருவாக்கிய குதிரைப்படையை வைத்து, கல்லியேனஸ் பதினைந்து வருடம் விடாமல் பிடித்துவைத்திருந்த இத்தாலியிலிருந்து கிளம்பி.

268-இல் அந்த ஆட்களே அவனை முடித்தார்கள். மிலானில் ஆரியோலஸ் கலகம் செய்தான். பால்கனில் கோத், ஹெருலி என்ற வடக்கத்திக் கூட்டங்களோடு சண்டையில் இருந்த கல்லியேனஸ் திரும்பி வந்து முற்றுகை போட்டான். சதிக்குள் அவனுடைய தலைமை அதிகாரி ஹெராக்லியானஸ் இருந்தான், குதிரைப்படை அதிகாரிகள் இருந்தார்கள். ஆரியோலஸ் வெளியே பாய்ந்து வருகிறான் என்று பொய்ச்சேதி சொன்னார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் குதிரை கொண்டுவா என்று கத்திக்கொண்டே மெய்க்காப்பாளர்களுக்குக்கூடக் காத்திராமல் இருட்டில் வெளியே ஓடினான். சோம்பேறி என்று பேர் வாங்கியவன் செத்த விதம் அது. டல்மேஷியக் குதிரைப்படையின் தலைவன் வெட்டினான். ரோமில் செனட் அவனுடைய உறவினர்களையும் அதிகாரிகளையும் படிக்கட்டிலிருந்து உருட்டிக் கொன்றது. புதிய பேரரசன் கிளாடியஸ் அதை நிறுத்தச் சொன்னதோடு கல்லியேனஸைத் தெய்வமாக்கவும் வைத்தான். தகப்பனுக்குக் கிடைக்காதது மகனுக்குக் கிடைத்தது, அதுவும் யார் கையால் என்று பாருங்கள்.

பின்னாளில் பேரரசன் கான்ஸ்டன்டைன் தன்னைக் கிளாடியஸின் வம்சம் என்று சொல்லிக்கொண்டதும் கல்லியேனஸின் கதை முடிந்தது. ஆளும் குடும்பத்தின் மூதாதை ஒருவன் ஒரு நல்ல அரசனைக் கொன்று பட்டத்துக்கு வந்தான் என்று யார் எழுதுவார்கள்? கிளாடியஸ் சதியிலேயே இல்லை, சாகும் தறுவாயில் கல்லியேனஸே அரசச் சின்னங்களை அவனுக்கு அனுப்பிவைத்தான் என்றெல்லாம் வந்தது. கிளாடியஸ் உயரமாக வேண்டுமானால் முன்னவன் குட்டையாக வேண்டும். லினன் துணியும் ரோஜாவும் அப்படித்தான் குவிந்தன.

ஆனால் ஹிஸ்டோரியா அகஸ்டாவிலேயே, அவன் கொலையான இடத்தில், ஒரு வரி நழுவி விழுந்திருக்கிறது. அவனைக் கொன்றதும் படைமுகாமில் பெரிய கலவரம் வெடித்தது. பயனுள்ளவனை, தேவையானவனை, வீரனை, காரியம் முடிப்பவனை எங்களிடமிருந்து பறித்துவிட்டீர்கள் என்று சிப்பாய்கள் கத்தினார்களாம். அது கொள்ளைக்காக ஆடிய நாடகம் என்று ஆசிரியர் உடனே தன் பங்குக்கு ஒரு குத்து வைக்கிறார். தளபதிகள் கூடிப் பேசி, ஆளுக்கு இருபது பொற்காசு தருவதாகச் சொன்னார்கள். பணம் கைக்கு வந்ததும் படை அடங்கியது. அதே சிப்பாய்கள் கல்லியேனஸைக் கொடுங்கோலன் என்று அரசுப் பதிவேட்டில் எழுதச் சம்மதித்தார்கள். அந்த இருபதும் பொன், செம்பில் வெள்ளி பூசியது இல்லை.